ஆரஞ்சும் மயில்பச்சையும் சேர்ந்தால் கண் கூசுகிறது, வடிவமே தெரியவில்லை. எங்கே தவறு?

வளைகோடு:
கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் மூன்று வாரமாக அரூப வடிவங்கள் வரைந்து பழகுகிறேன். ஒரு சதுரத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கால்வட்டங்கள். சதுரத்தைத் திரும்பத் திரும்ப அடுக்கினால் அலை போல ஓட வேண்டும். வெறும் கோடாக இருக்கும்வரை ஓடுகிறது. நிறம் கொடுத்ததும் அப்படியே நின்றுவிடுகிறது.

ஆரஞ்சு (0 முதல் 255 வரையிலான அளவில்): சிவப்பு 232, பச்சை 116, நீலம் 59. மயில்பச்சை: 42, 157, 143. தனித்தனியாக இரண்டும் அழகு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எல்லை நடுங்குகிற மாதிரி இருக்கிறது. கொஞ்சம் தள்ளிப்போய்ப் பார்த்தால் எது வளைவு, எது பின்னணி என்றே பிரியவில்லை.

வெளிச்ச வேறுபாடு போதவில்லையோ என்று, நிறத்தை நீக்கிச் சாம்பலாக்கும் டீசாச்சுரேட் போட்டும் பார்த்துவிட்டேன். இரண்டு சாம்பலும் நன்றாகவே வேறுபட்டன. அதனால்தான் குழப்பம்.

கூடவே இன்னும் இரண்டு. நடுவில் ஓடும் மெல்லிய சாம்பல் கோடு (மூன்றும் 128) ஆரஞ்சு மேல் போகும்போது நீலம் பாய்ந்தது போல் தெரிகிறது. அப்புறம், படத்தைச் சிறிதாக்கி அடுக்கினால் சதுரங்களின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு விழுகிறது.

நிறச்சேர்க்கை:
டீசாச்சுரேட் பெட்டியில் எந்த முறையைத் தேர்ந்தெடுத்திருந்தீர்கள்? லைட்னஸா, லூமினாசிட்டியா?

வளைகோடு:
எதையும் மாற்றவில்லை. லைட்னஸ் என்று இருந்தது.

நிறச்சேர்க்கை:
அப்படியானால் சிக்கல் அங்கேதான். லைட்னஸ் முறை மூன்று எண்களில் பெரியதையும் சிறியதையும் கூட்டிப் பாதியாக்கும், அவ்வளவுதான். உங்கள் ஆரஞ்சுக்கு 146, மயில்பச்சைக்கு 100 வரும். அதனால்தான் நல்ல வித்தியாசம் தெரிந்தது. ஆனால் நம் கண் மூன்று நிறத்தையும் ஒரே மாதிரி எடைபோடுவதில்லை. வெளிச்சம் என்று நாம் உணர்வதில் பச்சைக்குத்தான் பெரும்பங்கு, சிவப்புக்கு அதைவிடக் குறைவு, நீலத்துக்கு மிகக் கொஞ்சம். லூமினாசிட்டி 709 முறை அந்த எடையோடு கணக்கிடுகிறது: 0.2126, 0.7152, 0.0722. இதில் உங்கள் ஆரஞ்சு 137, மயில்பச்சை 132. கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சம்.

சுத்த மஞ்சளையும் சுத்த நீலத்தையும் லைட்னஸில் போட்டுப் பாருங்கள், இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும். மஞ்சள் எவ்வளவு வெளிர், நீலம் எவ்வளவு அடர் என்பது வெறும் கண்ணுக்கே தெரியும்.

விளிம்பை நாம் பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டை வைத்துத்தான் பிடிக்கிறோம். அது இல்லாமல் நிறம் மட்டும் எதிரெதிராக நின்றால் எல்லை நடுங்கும். ஆரஞ்சைத் தொடாதீர்கள். மயில்பச்சையை மட்டும் 20, 80, 74 வரை இறக்கிப் பாருங்கள். வெளிச்சம் 67 ஆகிவிடும்.

டீசாச்சுரேட்டை ஃபில்டர் லேயராக, அதாவது கீழே உள்ள படத்தை மாற்றாமல் தோற்றத்தை மட்டும் மாற்றும் அடுக்காக, எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக்கொள்ளுங்கள். கண் குறியை அழுத்தி எப்போது வேண்டுமானாலும் சோதிக்கலாம்.

தறிநூல்:
சாம்பல் கோடு நீலமாகத் தெரிவது பற்றி நான் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. பாரிஸில் கோப்லான் திரைச்சீலைக் கூடத்தின் சாயப் பிரிவுக்கு 1824இல் பொறுப்பேற்ற செவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்புச் சாயம் எடுப்பாக இல்லை என்று புகார் வந்தது. அவர் நூலைச் சோதித்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நிறம்தான் கறுப்பை மங்க வைத்தது. அதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1839இல் புத்தகமாகவே வெளியிட்டார். ஒரு நிறம் தன் எதிர் நிறத்தைப் பக்கத்தில் இருப்பதன்மேல் ஏற்றிவிடும் என்பதுதான் சாரம்.

ஆரஞ்சுக்கு எதிரில் இருப்பது நீலம். அதனால் உங்கள் சாம்பல் நீலம் பாய்ந்து தெரிகிறது. உங்கள் கோடும் 128, ஆரஞ்சும் 137 என்பதால் மயக்கம் இன்னும் கூடும். கோட்டுக்கு வெளிச்சத்தைக் கூட்டி, ஆரஞ்சு பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து 205, 196, 190 என்று வையுங்கள். எண்ணில் சாம்பலாக இருக்காது, பார்வைக்குச் சாம்பலாக இருக்கும். பார்வைக்குத்தானே வரைகிறோம்!

நிறச்சேர்க்கை:
ஓரக்கோடு சின்ன விஷயம். சிறிதாக்கும்போது ஓரப் புள்ளிகளுக்கு அக்கம்பக்கத்து நிறம் சரியாகக் கிடைப்பதில்லை. 3×3 ஆக அடுக்கி, மொத்தமாகச் சிறிதாக்கி, நடுச் சதுரத்தை மட்டும் வெட்டி எடுங்கள். 1200 புள்ளியை 400 ஆக்கலாம். 1000 புள்ளியை அப்படி மூன்றில் ஒரு பங்காக்கினால் முழு எண் வராது, அங்கேயும் கோடு விழும். வரையும்போது டபிள்யூ விசையை அழுத்தினால் ஓரம் தாண்டிய கோடு எதிர்ப்பக்கம் தானாக வந்துவிடும்.

வளைகோடு:
மூன்றும் சரியாகிவிட்டன, மிக்க நன்றி. மயில்பச்சையை இறக்கிய அந்த நொடியில் வளைவுகள் மேலே எழுந்து வந்தன. வேறு நிறங்களை முயல ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் மறுபடி நிரப்பத்தான் வேண்டுமா?

தறிநூல்:
வேண்டாம். நான்கே சாம்பலில் முழு வடிவத்தையும் முடியுங்கள். பிறகு மேலே கிரேடியன்ட் மேப்பை ஃபில்டர் லேயராகப் போடுங்கள். அடர் சாம்பலுக்கு ஒரு நிறம், வெளிர் சாம்பலுக்கு ஒரு நிறம் என்று அது மாற்றிக் கொடுக்கும். அடர்ந்ததற்கு அடர் நிறம், வெளிர்ந்ததற்கு வெளிர் நிறம் என்ற வரிசையைக் காப்பாற்றினால் வடிவம் கலையாது.

வளைகோடு:
ஒரே மாலையில் ஆறு சேர்க்கை பார்த்துவிட்டேன். அடர் ஊதாவும் கடுகு மஞ்சளும் நானாக ஒருபோதும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டேன், அதுதான் இப்போது மனதில் நிற்கிறது. ஆனால் வளைவுகளுக்கு நடுவே இருக்கும் பொடிப் புள்ளிகளில் அதே மஞ்சள் சோகை பிடித்தது போல் வெளுத்துத் தெரிகிறது.

நிறச்சேர்க்கை:
பரப்பு சிறுத்தால் நிறமும் மெலிந்துதான் தெரியும். புள்ளிகளை மட்டும் கிரேடியன்ட் மேப்புக்கு மேலே தனி லேயரில் வைத்து, அதே மஞ்சளின் செறிவைக் கூட்டுங்கள். பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 100 சதவீதத்தில் வைத்துப் பாருங்கள், வளைவும் புள்ளியும் ஒரே மஞ்சளாகத் தெரியும் இடத்தில் நிறுத்திவிடுங்கள்.