மெட்டா அனாலிசிஸ்: தரவு எடுக்கும்போது எங்கெல்லாம் சறுக்குகிறது?

ஒரே கேள்விக்கான பல ஆய்வுகளின் முடிவுகளைக் கணக்குப் போட்டு ஒன்றாக்குவதுதான் மெட்டா அனாலிசிஸ். அதில் அடிக்கடி எதிர்ப்படுவது எஸ்.டி. (ஆட்களின் அளவுகள் எவ்வளவு சிதறியுள்ளன), எஸ்.இ. (சராசரி எவ்வளவு துல்லியமானது) குழப்பம்தான். சராசரிக்குப் பக்கத்தில் ± போட்டு ஓர் எண் இருக்கும். அது எது என்று கட்டுரை எங்கும் சொல்லாது. 64 பேர் உள்ள குழுவில் எஸ்.இ. 1 என்றால் எஸ்.டி. 8 (1 × √64). அந்த 1-ஐயே எஸ்.டி. என்று இரு குழுவுக்கும் ஏற்றிவிட்டால், ஃபிக்ஸட் எஃபெக்ட் (எல்லா ஆய்வுகளும் ஒரே பலனையே அளக்கின்றன என்று கொள்ளும்) கணக்கில் அந்த ஆய்வின் எடை 64 மடங்காகிவிடும். கணக்குப் போடும் ரெவ்மேன் மென்பொருள் ஒரு வார்த்தை கேட்காது. ஒவ்வோர் ஆய்வையும் எடைக்கேற்ற சதுரமாகக் காட்டும் ஃபாரஸ்ட் பிளாட்டில் சின்ன ஆய்வுக்குப் பெரிய சதுரம் விழுந்திருந்தால் உடனே மூலக் கட்டுரைக்குப் போங்கள். சர்க்கரை நோயாளிகளின் ஹெச்பிஏ1சிக்கு (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் அளவு) எஸ்.டி. 0.2 என்று இருந்தால் நம்பவே வேண்டாம்.

ஒரு குழுவின் சராசரிக்கு 95% நம்பக இடைவெளி (உண்மைச் சராசரி இருக்கக்கூடிய எல்லை) மட்டும் தந்திருந்தால், அதன் அகலத்தை 3.92-ஆல் வகுத்து, ஆள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் எஸ்.டி. கிடைக்கும். குழுவில் 60 பேருக்குக் குறைவென்றால் 3.92 சரிவராது, அதற்குப் பதில் சிறு குழுக்களுக்கான டி-அட்டவணை மதிப்பின் இருமடங்கை எடுக்க வேண்டும்.

*

இதோடு இரட்டைப் பதிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டுரைகளைத் திரட்டும் எண்ட்நோட், ரய்யான் மென்பொருள்கள் எல்லாம் ஒரே கட்டுரை இருமுறை வந்தால் பிடிக்கும். ஒரே ஆய்வு இரண்டு கட்டுரைகளாக வந்தால் பிடிக்காது. வாந்தி தடுக்கும் ஒண்டான்செட்ரான் மருந்து பற்றி 1997-இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த பகுப்பாய்வு இதைத்தான் காட்டியது: மறைமுகமாக மறுபடி வெளியான தரவைச் சேர்த்தால் மருந்தின் பலன் 23% கூடுதலாகத் தெரிந்தது. நல்ல முடிவு வந்த ஆய்வுகள்தான் திரும்பத் திரும்ப அச்சேறுகின்றன, அதனால் பிழை ஒரே பக்கம் சாய்கிறது. சிடிஆர்ஐ (இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு) போன்ற பதிவேட்டு எண், ஆய்வு நடந்த இடம், ஆள் சேர்த்த மாதங்கள், தொடக்கநிலை அட்டவணை (ஆய்வு தொடங்கியபோது ஆட்களின் வயது, நோய்நிலை போன்றவை) நான்கையும் ஒப்பிடுங்கள். ஆசிரியர் பட்டியலை நம்பாதீர்கள், அது மாறியிருக்கும்.

மூன்று குழு ஆய்வும் இதே வகைதான். இரு மருந்துக் குழுக்களையும் ஒரே பிளசீபோ (மருந்தில்லாத போலி மாத்திரை) குழுவோடு தனித்தனியாக ஒப்பிட்டு ஏற்றினால் பிளசீபோ ஆட்கள் இருமுறை எண்ணப்படுவார்கள். முடிந்தவரை மருந்துக் குழுக்களை ஒன்றாக்குங்கள்.

*

எண்களைச் சரியாக எடுத்தாலும் ஆய்வே பொய்யாக இருக்கலாம். கோவிட் காலத்து ஐவர்மெக்டின் மருந்து பற்றிய தொகுப்புகளில் அதிக எடை வாங்கிய எகிப்திய முன்பதிப்பு (சக ஆய்வாளர்கள் சரிபார்க்கும் முன்பே இணையத்தில் போடும் கட்டுரை) ஒன்று 2021 ஜூலையில் விலக்கப்பட்டது. தரவுக் கோப்பில் நோயாளிகளின் வரிசைகள் நகலெடுத்ததுபோல் திரும்ப வந்திருந்தன. ஆய்வு தொடங்கும் முன்பே இறந்தவர்களும் அதில் இருந்தார்கள். ஒவ்வோர் ஆய்வாக நீக்கி முடிவு எப்படி நகர்கிறது என்று பாருங்கள். ஒரே ஆய்வை எடுத்ததும் பலன் கரைந்தால், அந்த ஆசிரியர்களிடம் தனிநபர் தரவு கேட்டு எழுதுங்கள். தராவிட்டால் அந்த ஆய்வைச் சேர்த்தும் நீக்கியும் இரு முடிவுகளையும் கட்டுரையிலேயே போடுங்கள்.