ஒரு ரன்னில் ஜெயித்தோம், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை

போன ஞாயிறு எங்கள் அணி ஒரே ஒரு ரன்னில் ஜெயித்தது. கடைசி ஓவர் போட்டது நான். அணியின் வாட்ஸ்அப் குழுவில் இன்னும் என் பெயருக்குப் பக்கத்தில் நெருப்புப் படம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மயிரிழையில் முடிந்த ஆட்டங்களை இங்கே எல்லாரும் பகிர்வதைப் பார்த்தேன். அந்தக் குழுவில் எழுத முடியாத ஒன்றை இங்கே எழுதலாம் என்று தோன்றியது.

வயது 41. கிள்ளான் துறைமுகம் பக்கம் கிடங்கில் வேலை. பத்து வருடத்துக்கு முன் என்னை வேகப்பந்து வீச்சாளர் என்று சொல்லிக்கொள்வேன். இப்போது எங்கள் கீப்பர் ஸ்டம்பை ஒட்டியே நிற்கிறான், மீதியை நீங்களே புரிந்துகொள்ளுங்கள். அணியில் பாதிப் பேர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். மீதி தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். வார இறுதி லீக், இருபது ஓவர், லெதர் பந்து.

நாங்கள் முதலில் அடித்து 138. இடைவேளையில் மழை. கோலாலம்பூர் மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றரை மணிக்கு வெயில் மண்டையைப் பிளக்கும், நாலு மணிக்கு லோங்காங், அதான் சாக்கடை, நிரம்பி ஓடும். பிட்ச்மேல் தார்ப்பாயைப் போட்டோம். ஆனால் தார்ப்பாய் சின்னது, இரண்டு முனையிலும் கிரீஸ் கோடு பாதி வெளியே கிடந்தது. சுண்ணாம்புக் கோடு கரைந்து பால் கொட்டிய மாதிரி ஆகிவிட்டது. ஓவரைக் குறைக்க வேண்டாம், முழுதாகவே ஆடுவோம் என்று இரண்டு கேப்டன்களும் பேசி முடித்தார்கள்.

ஈரப் பந்தில் வீசியவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். லெதர் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், தையல் ஊதிவிடும், ஸ்விங் என்ற பேச்சே இருக்காது. கையில் சோப்புக்கட்டியைப் பிடித்த மாதிரி இருக்கும். இடுப்பில் துண்டு, சட்டைப் பையில் கொஞ்சம் மரத்தூள். மெதுபந்துக்கு விரலை மாற்றிப் பிடித்தால் பந்து எங்கே போகும் என்று எனக்கே தெரியாது. மிச்சம் இருப்பது ஒரே வழிதான்: காலடிக்குப் போடு, நேராகப் போடு.

நடுவில் எங்கள் சுழற்பந்து அண்ணன் பதினேழாவது ஓவரில் இரண்டே ரன் கொடுத்தார். உண்மையில் ஆட்டம் திரும்பியது அங்கேதான். அவருக்கு யாரும் நெருப்புப் படம் போடவில்லை.

சரி, கடைசி ஓவர். அவர்களுக்கு ஒன்பது ரன் வேண்டும், கையில் மூன்று விக்கெட்.

எங்கள் லீக்கில் பந்து வீசும் முனைக்கு மட்டும்தான் சம்பள நடுவர். மட்டை பிடிப்பவர் பக்கம் லெக் அம்பயராக அடிக்கும் அணியிலிருந்து ஒருவர் நிற்க வேண்டும். அன்று நின்றது ஒரு பையன், பதினாறு பதினேழு வயதுதான் இருக்கும். ஆறாவதாக இறங்கி இரண்டாவது பந்திலேயே அவுட்டாகி, பேடைக் கழற்றிய கையோடு தனக்குப் பெரிதான ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு வந்து நின்றவன்.

முதல் பந்தில் ஒரு ரன். இரண்டாவது பந்து ரன் இல்லை. மூன்றாவது பந்தை மிட்விக்கெட் பக்கம் தட்டிவிட்டு இரண்டு ஓடினார்கள். எறிந்த பந்து கீப்பர் தலைக்கு மேலே போனது. எல்லாரும் அந்தப் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பினால் அந்தப் பையன் கையை மடக்கி விரல்நுனியால் தோளைத் தொட்டுக்கொண்டு நிற்கிறான். ஷார்ட் ரன்! என் முனையிலிருந்து ஓடிப்போனவர் அந்தப் பக்கம் மட்டையைக் கோட்டுக்குள் வைக்காமலே திரும்பிவிட்டாராம். இரண்டு ரன் ஒன்றாகிவிட்டது.

அவனுடைய சொந்த அணி. கேட்க ஆள் இல்லை, பார்த்த ஆளும் இல்லை. பேசாமல் நின்றிருந்தால் ஸ்கோரர் இரண்டு என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். அவர்கள் பந்தலிலிருந்து வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

நான்காவது பந்து மட்டை ஓரத்தில் பட்டு ஸ்லிப் இல்லாத இடத்தில் நான்கு போனது. ஐந்தாவதில் ஒன்று. கடைசிப் பந்தில் இரண்டு எடுத்தால் அவர்கள் ஜெயிப்பார்கள், ஒன்று எடுத்தால் சமம். எதிரே மட்டை பிடித்தவர் அந்த ஷார்ட் ரன் ஓடியவரேதான்.

துண்டில் மூன்று தடவை கையைத் துடைத்தேன். யார்க்கர்தான், நேராகக் காலடிக்கு. ஓடி வந்தேன், போட்டேன், நடு ஸ்டம்ப் சாய்ந்தது. எல்லாரும் என்மேல் விழுந்தார்கள். ஒருத்தன் மூக்கால் என் காதை இடித்துவிட்டான், இன்னும் வலிக்கிறது.

அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்தே கீழே பார்த்தேன். என் முன்னங்கால் ஸ்பைக் பதிந்த குழி. ஈர மண், அச்சு மாதிரி பதிந்திருந்தது. குதிகால் ஆணி கரைந்த கோட்டையும் தாண்டி இரண்டு விரற்கடை முன்னால் இருந்தது. கோடு எங்கே இருந்தது என்று சந்தேகப்பட இடமே இல்லை. ஸ்டம்பிலிருந்து நான்கு அடி, இருபத்தைந்து வருடமாக நான் இறங்கும் இடம், என் காலுக்குத் தெரியும்.

கோட்டைத் தாண்டினால் நோ-பால். நடுவர் கை நீட்டவில்லை. கோடு கரைந்திருந்தது, அவரும் ஸ்டம்பைப் பார்த்திருப்பார். நீட்டியிருந்தால் ஒரு ரன் சேர்ந்து ஸ்கோர் சமம், மறுபடியும் ஒரு பந்து, அதுவும் ஃப்ரீ ஹிட், ஸ்டம்ப் சாய்ந்தாலும் அவுட் இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? காலால் அந்தக் குழியைத் தேய்த்து மூடினேன். யோசித்துச் செய்தது இல்லை. கால் தானாகப் போனது. இதைத்தான் அந்தக் குழுவில் எழுத முடியவில்லை.

ஆட்டம் முடிந்து எல்லாரும் பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். அவர்கள் அணியும் வந்தது. பையன் மட்டும் மோட்டாருக்குப் பக்கத்தில் மட்டைப் பைமேல் உட்கார்ந்திருந்தான். அவர்கள் கேப்டன் திடலிலேயே நிறையப் பேசிவிட்டார் போலிருக்கிறது. நான் மைலோ ஐஸ் ஒன்று வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

"ஏன் தம்பி ஷார்ட் ரன்னு சொன்ன? யாருமே பாக்கலயே."

"நா பாத்தேன்ல அண்ணே."

அவ்வளவுதான் சொன்னான். வீரவசனம் மாதிரி இல்லை, மணி என்ன என்று கேட்டதற்குச் சொன்ன பதில் மாதிரி. அப்புறம் மைலோவைக் கலக்கிக்கொண்டே, "அந்தக் கடைசி யார்க்கர், எப்படிண்ணே போட்டீங்க?" என்று கேட்டான்.

சொல்லிக் கொடுத்தேன். மட்டையைப் பார்க்காதே, ஸ்டம்பின் அடியைப் பார் என்றேன். 2023 ஜூலையில் பாயுமாஸ் திடலில் நம் சியாஸ்ருல் இட்ருஸ் சீனாவுக்கு எதிராக எட்டு ரன்னுக்கு ஏழு விக்கெட் எடுத்தாரே, ஏழு பேரும் போல்ட் என்றேன். ஆண்கள் சர்வதேச டி20-யில் ஒருவர் ஏழு விக்கெட் எடுத்தது அதுதான் முதல் தடவை. அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, எனக்கு முன்னால் தேதியைச் சொன்னான். நான் சொல்ல வேண்டிய இன்னொன்றைச் சொல்லவில்லை. இரண்டு தடவை வாய் வரைக்கும் வந்தது.

திட்டுவதானால் திட்டுங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர்:

திட்ட மாட்டேன் அண்ணே. நாங்கள் டென்னிஸ் பந்து ஆட்கள், எங்கள் கணக்கே வேறு. பள்ளித் திடல், பவுண்டரி கயிறு கிடையாது, லோங்காங்தான் எல்லை. ஒரு அரையிறுதியில் நான் பிடித்த கேட்சுக்குக் கால் லோங்காங் மூடிமேல் இருந்தது. மூடி உள்ளேயா வெளியேயா என்று அரை மணி நேரம் சண்டை. வெளியே என்று எனக்குத் தெரியும். உள்ளே என்று சத்தியம் செய்தேன். கோப்பை இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அம்மா அதில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார்.

நடுவராக நிற்கும் ஒருவர், சுபாங் ஜெயா:

விதியை மட்டும் சொல்கிறேன். நோ-பாலுக்கு யாரும் அப்பீல் செய்வதில்லை, பந்து வீசியவர் தானாகச் சொல்ல வேண்டும் என்றும் விதி இல்லை. நடுவர் கண்ணில் பட்டால் உண்டு. கோட்டின் பின்விளிம்புதான் கணக்கு. குதிகாலில் ஒரு துளியாவது அதற்குப் பின்னால் இருக்க வேண்டும், காற்றில் இருந்தாலும் போதும். கோடு அழிந்திருந்தால் புதிதாகப் போடச் சொல்லியிருக்க வேண்டியது நடுவர்தான், அந்தத் தவறு உங்களுடையது இல்லை.

இது எவ்வளவு கஷ்டம் என்றால், பெரிய ஆட்டங்களில் இப்போது முன்னங்காலை மூன்றாம் நடுவர் திரையில் பார்த்துச் சொல்கிறார். 2020 மகளிர் டி20 உலகக் கோப்பையிலேயே அப்படிச் செய்தார்கள். களத்து நடுவர் காலைப் பார்த்த கண்ணைத் தூக்கி அடுத்த நொடியே மட்டையைப் பார்க்க வேண்டும். நானும் எத்தனை விட்டிருக்கிறேனோ.

இன்னொன்று. களைத்த வீச்சாளர் யார்க்கர் போடும்போது கடைசிக் காலடி நீளும். அதனால்தான் கடைசி ஓவர்களில் கோடு தாண்டுவது அதிகம். அடுத்த தடவை ஓட்டக் குறியை ஒரு சப்பாத்து நீளம் பின்னால் வையுங்கள்.

குழியைத் தேய்த்ததைப் பற்றி விதிப்புத்தகத்தில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

பங்சாரிலிருந்து, வயதில் மூத்தவர்:

தம்பி, உன் கதையைப் படித்ததும் எனக்கு 1997 ஏப்ரல் ஞாபகம் வந்தது. ஐசிசி டிராபி இறுதி ஆட்டம், நம் கிலாட் கிளப் திடலில். கென்யாவும் வங்காளதேசமும். கென்யா முதல் நாள் 241 அடித்தது, டிக்கோலோ மட்டும் 147. அப்புறம் மழை. மறுநாள் வங்காளதேசத்துக்கு 25 ஓவரில் 166 என்று இலக்கை மாற்றினார்கள்.

கடைசி ஓவரில் 11 ரன். வீசியவர் மார்ட்டின் சுஜி. முதல் பந்தையே காலித் மசூத் சிக்ஸர் அடித்தார். கடைசிப் பந்துக்கு ஒரு ரன். அது மட்டையில் படவில்லை, கால்காப்பில் பட்டது. லெக் பை, ஓடிவிட்டார்கள். ஆட்டம் முடிந்தது. கூட்டம் உள்ளே பாய்ந்தது.

வெற்றியைப் பற்றி எல்லாரும் எழுதினார்கள். எனக்கு அன்றிலிருந்து அந்த வீச்சாளர்மேல்தான் கண். மட்டையை ஏமாற்றிய பந்து அது. இன்னும் நாலு விரற்கடை தள்ளி விழுந்திருந்தால்? வீசுகிறவன் கணக்கு எப்போதும் விரற்கடையில்தான் இருக்கிறது. உன் பக்கம் இரண்டு விரற்கடை சாய்ந்தது, அவர் பக்கம் சாயவில்லை.

ஆனால் அந்தப் பையனிடம் சொல்லிவிடு. எனக்கு 68 வயது. சொல்லாமல் விட்ட நாலைந்து விஷயம் என்னிடமும் இருக்கிறது, எல்லாம் அப்படியேதான் கிடக்கிறது.

கிள்ளான், வேறொரு அணி:

சொல்லி என்ன ஆகப்போகிறது? புள்ளிப் பட்டியல் மாறாது. அந்தப் பையனுக்குத்தான் கஷ்டம், அவன் அணி அவனை இன்னொரு தடவை திட்டும். "பார்த்தியா, அவன் நோ-பால் போட்டுட்டு சும்மா இருந்தான், நீ மட்டும் ஹரிச்சந்திரன்" என்பார்கள். நானாக இருந்தால் வாயை மூடிக்கொள்வேன்.

முதலில் எழுதியவர்:

எல்லாருக்கும் நன்றி. கிள்ளான் நண்பர் சொல்வதும் மண்டைக்குள் ஓடுகிறது. அது நியாயமா, எனக்கு வசதியா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

நேற்று வலைப்பயிற்சியில் குறியை ஒரு சப்பாத்து பின்னால் தள்ளி முப்பது பந்து போட்டேன். கீப்பரைப் பக்கத்தில் நிறுத்தி என் காலை மட்டும் பார்க்கச் சொன்னேன். ஆறு தடவை தாண்டினேன். பயிற்சியில் யாருமே இதைப் பார்ப்பதில்லை. எத்தனை வருடமாகத் தாண்டிக்கொண்டிருக்கிறேனோ. "என்னண்ணே திடீர்னு?" என்று அவன் கேட்டான். முட்டி வலி என்றேன்.

இன்று காலையில் பசியாறிக்கொண்டிருந்தபோது போனில் ஒரு காணொளி வந்தது. அந்தப் பையன் எங்கள் கேப்டன் மூலமாக நம்பர் வாங்கியிருக்கிறான். சிமெண்டுத் தரை, ஒற்றை ஸ்டம்ப், பக்கவாட்டிலிருந்து யாரோ பிடித்திருக்கிறார்கள். ஓடி வந்து போடுகிறான், ஸ்டம்ப் பறக்கிறது. கீழே, "உங்க மாதிரியே போட்டேன் பாருங்க அண்ணே" என்று எழுதியிருந்தான்.

அவன் கால் இறங்கும் இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். சாக்பீஸில் கோடு கிழித்திருக்கிறான். முழுப் பாதமும் கோட்டுக்குப் பின்னால் இருக்கிறது.

தோசை ஆறிவிட்டது. இன்னும் பதில் போடவில்லை.