மூன்றாவது விஎஃப்டி ஓடினால் ஆர்சிசிபி ட்ரிப் ஆகிறது

பட்டறையில் 3 வாரமாக இதே தலைவலி. 63 ஆம்பியர், 4 போல், 100 மில்லி ஆம்பியர், டைப் ஏ ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் சப்ளையைத் துண்டிக்கும் பிரேக்கர்) ஒன்றின் கீழ் மூன்று 7.5 கிலோவாட் மோட்டார்கள், மூன்றுக்கும் விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்). இரண்டு ஓடும்வரை சரி, மூன்றாவதை ஆன் செய்தால் சில நொடியில் ட்ரிப்.

மோட்டார், கேபிள் எல்லாம் விஎஃப்டியிலிருந்து கழற்றி மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) போட்டுப் பார்த்தாயிற்று, 50 மெகாஓமுக்கு மேல்தான். ஆர்சிசிபியைப் புதிதாக மாற்றினேன், அதே கதை. நியூட்ரல் எங்கும் கலக்கவில்லை. அப்புறம் லீக்கேஜ் கிளாம்ப் மீட்டரில் இரண்டு ஓடும்போதே 48 மில்லி ஆம்பியர் காட்டுகிறது, ஈஎம்சி ஃபில்டர் (விஎஃப்டியின் மின் இரைச்சலை எர்த்துக்குக் கடத்தும் பகுதி) வேலையோ என்று சந்தேகம். எலக்ட்ரீஷியன் ஆர்சிசிபியை பைபாஸ் செய்யச் சொல்கிறார், அது மட்டும் நடக்காது.

ஒவ்வொரு விஎஃப்டிக்கும் தனித்தனி டைப் பி (சீரான டிசி கசிவையும் கண்டறியும் வகை) ஆர்சிசிபி போடுவதா, இல்லை மூன்றுக்கும் சேர்த்து 300 மில்லி ஆம்பியர் டைப் பி ஒன்றே போதுமா?