அணி இலக்கணமும் கதை மாந்தரும்: ஏழாம் வகுப்புக்கு உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. ஏற்காட்டில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் தமிழ் சொல்லித் தருகிறேன். உவமை சிக்கலில்லை, 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல' என்ற குறளில் 'போல' இருப்பதைச் சட்டென்று பிடித்துவிடுகிறார்கள். 'போல' மாதிரியான உருபு மறைந்தால்தான் தடுமாற்றம். பனிப்போர்வை என்றால் பனியாகிய போர்வை, அது உருவகம். போர்வைப்பனி என்றால் போர்வை போன்ற பனி, அது உவமைத்தொகை. சன்னலைத் திறந்தாலே பனி தெரிகிற ஊர் என்பதால் இந்த வரைக்கும் ஒப்பேற்றிவிட்டேன். தொடர்புள்ள இரண்டில் ஒன்றை மட்டும் உருவகமாக்கி மற்றதை விட்டுவிடும் ஏகதேச உருவகம்தான் நகரவே மாட்டேன் என்கிறது. 'கருமமே கட்டளைக் கல்' என்னும்போது செயலைக் கல்லாக்கிய வள்ளுவர், பெருமை சிறுமையைப் பொன்னாக்காமல் விட்டார். அந்த விட்ட பாதியைத்தான் காட்டத் தெரியவில்லை. கட்டளைக் கல் என்றால் பொன்னை உரசித் தரம் பார்க்கும் உரைகல், அதை நேரில் பார்த்த பிள்ளையே இல்லை. சேலம் வெள்ளிக் கடைக்காரர் யாராவது ஒன்று இரவல் தருவாரா?

அப்புறம் கதை மாந்தர். கேட்டால் நல்லவர், கெட்டவர், அவ்வளவுதான் பதில். கதை முடிவதற்குள் மனம் மாறுகிற ஒருவரும் கடைசி வரை மாறாத ஒருவரும் சேர்ந்து வரும் சிறுகதை வேண்டும். நாலு பக்கத்துக்குள் இருக்கட்டும், நீதிக்கதை மட்டும் வேண்டாம். வகுப்பில் நடத்திப் பார்த்தவர்கள் கதையின் பெயரைக் கீழே போடுங்கள்.