கேஸ் பிளாக் சூட்டில் நகர்ந்துவிடுகிறது, எப்படிப் பிடித்து நிறுத்துவது?

டெக்சாஸ்வாசி
வணக்கம். பாகம் பாகமா வாங்கி நானே சேர்த்த ஏஆர்-15 ரைஃபிள். 16 அங்குல பேரல் (குழல்), கேஸ் பிளாக் (சுடும்போது வர்ற வாயுவைக் குழல்லேர்ந்து பிரிச்சு விடற துண்டு) உட்காருற இடத்துல விட்டம் 0.750 அங்குலம். பிளாக்குக்கு அடியில ரெண்டு செட் ஸ்க்ரூ, நீல லாக்டைட் பசை போட்டு முறுக்கினேன். முதல் 40 ரவுண்டு ஜோரா ஓடுச்சு. அப்புறம் காலித் தோட்டா உறை தெறிக்காம காலடியிலயே விழுது. மேகசின் தீர்ந்தா போல்ட் (தோட்டாவை உள்ள தள்ளி அடைக்கிற பாகம்) பின்னால நிக்கறதில்ல. கடைசியில ஒவ்வொரு ரவுண்டுக்கும் கையால இழுக்க வேண்டியதாச்சு. மேகசின் மாத்தினேன், தோட்டா மாத்தினேன், போல்ட்டுக்குப் பின்னால இருக்கற பஃபரும் மாத்தினேன். காசு போனதுதான் மிச்சம்.

லேத்துப்பட்டறை
இனிமே எதையும் வாங்காதீங்க தம்பி. சேம்பர் (தோட்டா உட்காருற அறை) காலியான்னு கண்ணாலயும் விரலாலயும் பார்த்துட்டு, பேரலைச் சுத்தியிருக்கற ஹேண்ட்கார்டைக் கழட்டுங்க. பிளாக்கைக் கையால திருப்பிப் பாருங்க, அசையுதா?

டெக்சாஸ்வாசி
அசையுது அண்ணா! பேரல்ல ஸ்க்ரூ நுனி இழுத்த கோடு ரெண்டு பளபளன்னு தெரியுது. பிளாக்குக்கு முன்னால ஒரு பக்கம் மட்டும் கரி அப்பியிருக்கு.

லேத்துப்பட்டறை
அதான். பேரல் துளையும் பிளாக் துளையும் விலகிடுச்சு. போல்ட்டைத் தாங்குற கேரியரைத் தள்ள வேண்டிய வாயு வழியிலேயே கசியுது. நீல லாக்டைட் 150 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான். வேகமா சுட்டா அந்த இடம் அதைத் தாண்டிடும், பசை இளகிடும்.

ஊர்ல மோட்டார் ஷாஃப்ட்ல புல்லியை கிரப் ஸ்க்ரூ போட்டு நிறுத்துவோம்ல? ஷாஃப்ட்ல குழி போடாம வெறுமனே முறுக்கினா, கொஞ்ச நாள்ல மோட்டார் ஒரு பக்கம், புல்லி ஒரு பக்கம். இங்கயும் அதே கதைதான். ஸ்க்ரூ நுனி உட்கார பேரல்ல ஒரு சின்னக் குழி வேணும். இதுக்குன்னே ட்ரில்லுக்கு வழிகாட்டுற ஜிக் விக்குது. அது துளையைப் பிடிச்சு நேர் கோட்டுல நிறுத்தும். கையால ட்ரில் பிடிச்சு வீரம் காட்டாதீங்க.

டெக்சாஸ்வாசி
பேரல்ல குழியா? பலவீனமாகாதா?

லேத்துப்பட்டறை
துப்பாக்கிக் குழல் உள்விட்டம் 0.224 அங்குலம். 0.750-ல அதைக் கழிச்சுப் பாதியாக்கினா சுவர் கனம் கால் அங்குலத்துக்கு மேல. ஸ்க்ரூ நுனி பதியுற அளவுக்குச் சுரண்டினா போதும், தோண்ட வேண்டாம்.

பின்கட்சி
குழியெல்லாம் எதுக்கு? ராணுவ எம்4 ரைஃபிள்ல கேஸ் பிளாக்கும் சேர்ந்த முன் சைட்டை ரெண்டு டேப்பர் பின் (ஒரு முனை ஒல்லியான ஆணி) அடிச்சுத்தான் நிறுத்தியிருக்கான். எத்தனை சூட்டுக்கும் அசையாது. துப்பாக்கி வேலை பார்க்குற நல்ல கன்ஸ்மித் கிட்ட கொடுத்துப் பின் போட்டுக்குங்க.

லேத்துப்பட்டறை
உறுதியில பின்னை அடிச்சுக்க ஒண்ணும் இல்ல, ஒத்துக்கறேன். ஆனா ட்ரில் கொஞ்சம் சாய்ஞ்சா பேரலே போச்சு. வாரக்கடைசியில ரேஞ்சுக்குப் போறவருக்கு அது தேவையில்ல. பேரலைத் தொடவே மனசில்லன்னா ரெண்டு ஸ்க்ரூவால இறுக்குற கிளாம்ப் வகை பிளாக் இருக்கு. சில ஒல்லி ஹேண்ட்கார்டுக்குள்ள நுழையாது, அளந்து வாங்கணும்.

டெக்சாஸ்வாசி
குழியே போடறேன். பசை?

லேத்துப்பட்டறை
ராக்செட். சூட்டுக்கு அசராது, பின்னாடி கழட்டணும்னா தண்ணில ஊற வெச்சா விட்டுரும். போடறதுக்கு முன்ன பழைய பசையைச் சுரண்டிட்டு, அசிட்டோன் தொட்டு எண்ணெய்ப் பிசுக்கில்லாம துடைங்க. அப்புறம் ஒரு ராத்திரி தொடாதீங்க. இன்னொண்ணு: சில பிளாக் பேரல்ல தடிமன் மாறுற விளிம்போட ஒட்டி உட்காரக் கூடாது, 0.025 அங்குலம் இடைவெளி விடணும். ஹேண்ட்கார்டு தகடு வர்ற இடம் அது. துளை எங்க வருதுன்னு பென்சிலால குறிச்சுப் பாருங்க.

டெக்சாஸ்வாசி
நீங்க சொன்னது சரி அண்ணா, விளிம்போட ஒட்டி வெச்சிருந்தேன். பாதித் துளை ஆரம்பத்துலயே மூடித்தான் இருந்திருக்கு! குழி போட்டு, ராக்செட் வெச்சு, நேத்து ரேஞ்சுக்குப் போனேன். மேகசின்ல ஒரே ஒரு ரவுண்டு போட்டு அஞ்சு தடவை சுட்டேன், அஞ்சு தடவையும் போல்ட் பின்னால நின்னுச்சு. அப்புறம் 90 ரவுண்டு. காலி உறை எல்லாம் நாலு மணித் திசையில (வலது பின்பக்கம்) ஒரே குவியலா விழுந்துச்சு. பழைய பஃபர் யாருக்காவது வேணுமா?