குளோசபின் எடுத்துக்கொள்ளும் தம்பியின் பராமரிப்பு: மனநலச் செவிலியர்களின் ஆலோசனை தேவை

வணக்கம். மனச்சிதைவு நோயுள்ள என் தம்பிக்கு, முன்பு கொடுத்த இரண்டு மருந்துகளும் போதிய பலன் தராததால், மருத்துவர் குளோசபின் தொடங்கியிருக்கிறார். இம்மருந்தால் இரத்த வெள்ளையணுக்கள் குறையக்கூடும் என்பதால் வாரந்தோறும் பரிசோதனை செய்கிறோம். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் உடனே காட்ட வேண்டும், மலச்சிக்கலையும் அலட்சியப்படுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். காதில் கேட்கும் குரல்கள் குறைந்திருப்பது எங்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் குளிக்கவும் பிறரோடு பேசவும் அவனுக்கு மனம் எழவில்லை (இது சோம்பல் அல்ல, நோயின் ஒரு கூறு என்பதை உறவினர்களுக்குப் புரியவைப்பதே தனி வேலையாக இருக்கிறது).

மனநலப் பிரிவில் பணியாற்றிய செவிலியர்கள், அவனை வற்புறுத்தாமலும் எல்லாவற்றையும் நாங்களே செய்துவிடாமலும் அன்றாட வேலைகளுக்கு எவ்வாறு பழக்குவது என்றும், குரல்கள் கேட்பதாக அவன் சொல்லும்போது மறுத்து வாதிடாமலும் ஆமோதிக்காமலும் எந்தச் சொற்களில் பதில் அளிப்பது என்றும் விளக்கி எழுதினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.