டிப் டீ: கோவையில் செக்கச்செவேல், வேளச்சேரியில் மட்டும் ஆடை கட்டுவது ஏன்?

மாடிவீட்டு மல்லி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். வேளச்சேரியில் மொட்டைமாடி அறை ஒன்றில் வாடகைக்கு இருக்கிறேன். அடுப்பு கிடையாது, எலெக்ட்ரிக் கெட்டில் மட்டும்தான். பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று பிளாக் டீக்கு மாறிவிட்டேன். சாதாரண டிப் டீதான், மளிகைக் கடையில் கிடைக்கிற 100 பை டப்பா.

சிக்கல் என்னவென்றால், டீ போட்டுக் கொஞ்ச நேரத்தில் மேலே ஒரு ஆடை படர்கிறது. பால் ஆடை மாதிரி தடியாக இல்லை. மெல்லிசாக, வெளிச்சத்தில் பார்த்தால் பளபளக்கும். கரண்டியால் தொட்டால் துண்டு துண்டாக உடைந்து மிதக்கும். மக்கின் உள்பக்கம் பழுப்பு வளையம் விழுகிறது, தேய்த்தாலும் லேசில் போவதில்லை. டீயைப் பார்த்தால் கன்னங்கரேல் என்று இருக்கும், குடித்தால் சப்பென்று இருக்கும். கடைசியில் நாக்கில் துவர்ப்பு மட்டும் நிற்கும்.

போன மாதம் இதே டப்பாவைக் கோவைக்கு, அக்கா வீட்டுக்கு எடுத்துப்போனேன். அதே பை. அங்கே போட்டால் செக்கச்செவேல் என்று இறங்குகிறது. ஆடையும் இல்லை, வாசனையும் தூக்குகிறது. அக்கா தன் கைராசி என்கிறாள். மாமா வேறு அதற்குத் தலையாட்டுகிறார்.

பையை எவ்வளவு நேரம் விடவேண்டும்? பிழியலாமா, கூடாதா? ஒரு பையை இரண்டு தடவை போடலாமா? அப்புறம், டிப் டீ என்றாலே மட்டமான சரக்குதானா?

தூள் பறக்கும் துரை

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஆமாம், மட்டம்தான். ஃபேக்டரியில் நல்ல தூளையெல்லாம் எடுத்துவிட்டு, தரையைக் கூட்டி அள்ளியதைப் பையில் போட்டு விற்கிறார்கள். பேசாமல் லூஸ் டஸ்ட் வாங்கி வடிகட்டிக் குடிங்க.

பல்லாவரம் பாலு

கெட்டிலில் என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? போரா, மெட்ரோவா, கேனா? அதைச் சொல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

மாடிவீட்டு மல்லி

குடிக்க கேன். டீக்கு போர் தண்ணீர்தான், எப்படியும் கொதிக்கத்தானே போகிறது என்று. கெட்டில் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கோத்தகிரி டீமேக்கர்

அம்மா மல்லி, உங்க அக்காவுக்குக் கைராசி இருக்கலாம். ஆனால் இந்த விஷயத்தில் ராசி கோவைக்குக் குழாயில் வருகிற சிறுவாணித் தண்ணீருக்குத்தான்.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். பச்சை இலை உள்ளே வருவது முதல் மூட்டை வெளியே போவதுவரை என் பொறுப்பு. ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர் தண்ணீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் கரைந்திருக்கும். கொதித்ததும் அதில் ஒரு பங்கு சுண்ணாம்பாகிக் கெட்டில் அடியில் படிகிறது, அதுதான் நீங்கள் பார்த்த வெள்ளை. மிச்சம் மக்குக்குள் வந்துவிடும். அங்கே டீயில் இருக்கிற துவர்ப்புச் சத்தோடும் மேலே படுகிற காற்றோடும் சேர்ந்து படலமாகிறது. 1990-களில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இதைப் பெரிய விஷயமாக எடுத்தே ஆராய்ந்திருக்கிறார்கள். கால்சியம், பைகார்பனேட் இரண்டும் இருந்தால்தான் ஆடை கட்டும், புளிப்புச் சேர்த்தால் கட்டாது என்று கண்டார்கள். பை கூடுதலாகப் போட்டுக் கடுப்பாகப் போட்டாலும் ஆடை குறையும், ஏனென்றால் டீக்கே லேசான புளிப்பு உண்டு. பால் ஊற்றினால் ஆடை இன்னும் கூடும். நீங்கள் பாலை விட்டது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று.

நிறம் கறுப்பதற்கும் அதுதான் காரணம். தண்ணீரில் காரத்தன்மை ஏறினால் டீ கறுத்து மங்கும், புளிப்பு ஏறினால் வெளுத்துச் சிவக்கும். லெமன் டீயில் எலுமிச்சை விழுந்ததும் நிறம் பொசுக்கென்று மாறுவதைப் பார்த்திருப்பீர்களே. சிறுவாணித் தண்ணீர் மலையில் பெய்த மழை, அதில் சுண்ணாம்பு ஏறுவதற்கே வழியில்லை. அதில் டீயின் நிறம் உள்ளபடி இறங்கும்.

அதனால் கேன் தண்ணீரையே டீக்கும் ஊற்றுங்கள். ஒரு மக்கு டீக்குக் கேன் காலியாகிவிடாது. ஊற்றுவதற்கு முன் கெட்டிலைச் சுத்தம் செய்யவேண்டும். பாதி கெட்டில் தண்ணீரில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, தோலையும் உள்ளே போட்டுக் கொதிக்கவிட்டு, அரைமணி அப்படியே விட்டுக் கொட்டுங்கள். படிவு பழசாக இருந்தால் இன்னொரு முறை.

துரை தம்பிக்கு ஒரு வார்த்தை. தரையைக் கூட்டின தூள் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள், கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. இலை வாடி, சிடிசி ரோலரில் நசுங்கிக் கிழிந்து சுருண்டு, நொதித்து, டிரையரில் காய்ந்தபின் சல்லடைக்குப் போகும். பெரிய குருணை பிஓபி, அதற்குச் சின்னது பிஓபிஎஃப், அதற்கும் பொடிசு ஆர்டி, எஸ்ஆர்டி மாதிரி டஸ்ட் வகைகள். எல்லாம் ஒரே இலை, ஒரே ரோலர். பிரிப்பது பருமனை வைத்துத்தான். குன்னூர் ஏலத்தில் இலை ரகம் தனி, டஸ்ட் ரகம் தனியாகவே விற்கும். நல்ல டஸ்ட் இலை ரகத்தைத் தாண்டி விலை போகிற வாரங்கள் உண்டு. நீங்கள் வாங்கச் சொல்கிற லூஸ் டஸ்டும் அதே சல்லடையிலிருந்து வருவதுதானே? கூட்டிப் பெருக்கியதைத் தேயிலைக் கழிவு என்று தனியாகக் கணக்கு வைக்கவேண்டும். அதற்கென்றே 1959-லிருந்து ஒரு கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. கேஃபீன் எடுப்பவர்கள், உரம் செய்பவர்கள் வாங்கிப்போவார்கள்.

மட்டமான டிப் டீ இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன், ஃபேக்டரியில் தினமும் செய்தது இதுதான். டீ இறங்கியதும் ஈரப் பையைக் கிழித்துத் தூளை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். தேய்த்த செப்புப் பாத்திரம் மாதிரி பளிச்சென்று இருந்தால் நொதிப்பு சரியாக நடந்திருக்கிறது. பச்சை அடித்தால் நொதிப்பு பற்றவில்லை, டீ காறும். கறுத்துக் களையில்லாமல் கிடந்தால் நொதிப்பு மிஞ்சியது, இல்லாவிட்டால் டிரையரில் சூடு கூடிப்போனது. நாங்கள் டீயை வாயில் வைப்பதற்கு முன்பே இந்தத் தூளை முகர்ந்து பார்ப்போம். பாதித் தீர்ப்பு அங்கேயே முடிந்துவிடும்.

போடுகிற முறைக்கு வருகிறேன். ஒரு பையில் பெரும்பாலும் 2 கிராம் தூள்தான் இருக்கும். அது 150, மிஞ்சினால் 200 மில்லிக்குச் சரி. உங்கள் மக் 300 பிடிப்பது என்றால் ஒரு பை போதாது, சப்பென்றுதான் இருக்கும். பையை முதலில் மக்கில் போட்டு, கெட்டில் தளதளவென்று கொதித்து நின்றதும் உடனே அதன்மேல் ஊற்றுங்கள். ஆபீஸ் டிஸ்பென்சர் தண்ணீரை நம்பாதீர்கள், அது கொதிப்பதில்லை. எங்கள் ஊரில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், மலை உயரம் அப்படி. நீங்கள் கடல்மட்டத்தில் இருக்கிறீர்கள், முழு 100 டிகிரி உங்களுக்குக் கிடைக்கிறது.

ஊற்றியதும் ஒரு தட்டைப் போட்டு மூடிவிடுங்கள். வாசனை நிற்பதும் சூடு நிற்பதும் அந்த மூடியால்தான். டிப் டீ என்று பேர் வைத்தாலும் வைத்தார்கள், ஆளாளுக்கு நூலைப் பிடித்துக்கொண்டு முக்கி முக்கி எடுக்கிறார்கள். நிறம் சட்டென்று வந்துவிடும், பொடித்தூள் அல்லவா. சாரம் இறங்க மூன்று நிமிடம் வேண்டும். கடுப்பு பிடித்தால் நான்கு. தேயிலையை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சர்வதேசத் தர அளவு இருக்கிறது, 100 மில்லிக்கு 2 கிராம், 6 நிமிடம். அதன்படி போட்டு மனுஷன் குடிக்க முடியாது. குறை இருந்தால் வெளியே தெரியவேண்டும் என்று வைத்த கணக்கு அது.

பூண்டுலோயாக்காரி

நான் இலங்கை மலையகத்திலே தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து இப்ப கனடாவில் இருக்கிறேன். ஐயா சொன்ன மூடி விஷயம் நூற்றுக்கு நூறு சரி. எங்கட அம்மா தேத்தண்ணிக் கேத்தலை மூடாமல் வைத்தால் ஏசுவா.

தங்கச்சி மல்லி, பால் இல்லாத தேத்தண்ணிக்குச் சீனியைக் கலக்காதீங்க. உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்துக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடித்துப் பாருங்க. சாயத்தின் ருசி தனியாக, இனிப்பு தனியாகத் தெரியும், சீனியும் பாதிதான் செலவாகும். பனங்கட்டி கிடைத்தால் அதைக் கடித்துக்கொண்டு குடிக்கிறது இன்னும் நல்லம். இஞ்சி போடுவதென்றால் தட்டிப் பையோடு கோப்பையில் போடுங்க, கெட்டிலுக்குள் போடவேண்டாம், அந்த மணம் பிறகு போகாது.

இங்கே கிடைக்கிற பைகளில் சிலதுக்கு நூலே இல்லை, வட்டமாக இருக்கும். நூல் வைத்ததைவிடத் தூள் கூடுதலாக இருக்கும். முதல் தடவை கரண்டியால் துழாவி எடுக்கும்போது எனக்குச் சிரிப்பாக வந்தது.

தூள் பறக்கும் துரை

டீமேக்கர் சார், கழிவு ஆணை விஷயம் எனக்குப் புதுசு. ஆனாலும் பையில் ஸ்டேப்லர் பின் அடிக்கிறார்களே, அது சூட்டில் கிடந்து ஊறுவது நல்லதா?

பல்லாவரம் பாலு

துரை, பின்னுக்கு எதிராக உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-லேயே ஆணை போட்டது. இப்போது வருவது முடிச்சுப் போட்டோ ஒட்டியோ வருகிறது. உங்கள் வீட்டு டப்பாவில் பின் இருந்தால் தேதியைப் பாருங்கள்.

மாடிவீட்டு மல்லி

சார், நேற்று ராத்திரி கெட்டிலை எலுமிச்சை போட்டுக் கழுவினேன். தண்ணீரைக் கொட்டும்போது செதில் செதிலாக வந்தது. காலையில் கேன் தண்ணீர், சின்ன டம்ளர், ஒரு பை, மேலே தட்டு. ஆடை இல்லை! நிறம் அக்கா வீட்டில் பார்த்ததற்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. அக்காவுக்குப் போட்டோ அனுப்பினேன், இன்னும் பதில் இல்லை.

பூண்டுலோயா அக்கா, உள்ளங்கைச் சீனி அருமை. கை பிசுபிசுக்கிறது, அது ஒன்றுதான்.

பிழிவது, இரண்டாம் தடவை, இந்த இரண்டுக்கும் பதில் பாக்கி சார். இன்னொன்று: மதியத்துக்கு என்று கொஞ்சம் கடுப்பாகப் போட்டு ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி ஃபிரிட்ஜில் வைத்தேன். எடுத்துப் பார்த்தால் கலங்கிப்போய், பால் ஊற்றின மாதிரி இருக்கிறது. கெட்டுவிட்டதா? மறுபடியும் தண்ணீர்ப் பிரச்சினையா?

கோத்தகிரி டீமேக்கர்

கெடவில்லை, கொட்டிவிடாதீர்கள். கேஃபீனும் டீக்கு நிறம் கொடுக்கிற பொருட்களும் சூட்டில் கரைந்து நிற்கும், ஆறினால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கலங்கும். இதை நாங்கள் கிரீம் கட்டுவது என்போம். ருசி பார்க்கிற மேஜையில் கோப்பை ஆறியதும் எது நன்றாகக் கிரீம் கட்டியிருக்கிறது என்று பார்த்துப் பாராட்டுவது உண்டு. சரக்கில் சத்து இருந்தால்தான் அப்படிக் கலங்கும். உங்கள் டப்பா அவ்வளவு மோசமில்லை என்று இப்போது தெரிகிறது. ஐஸ் டீ தெளிவாக வேண்டுமென்றால் கொஞ்சம் லைட்டாகப் போட்டு, வெளியிலேயே ஆறவிட்டுக் குடியுங்கள்.

பிழிவதில் குற்றம் ஒன்றும் இல்லை. பையில் தங்கியிருக்கிற கடைசிச் சாறு கெட்டியாக இருக்கும், துவர்ப்பு அதில்தான் அதிகம். உங்களுக்குத் துவர்ப்பு பிடிக்காது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் கரண்டியில் ஏந்திச் சொட்டவிட்டு எடுத்துவிடுங்கள். நூலைக் கரண்டியில் சுற்றி முறுக்கவேண்டாம். பை பிய்ந்தால் தூள் முழுக்கத் தொண்டைக்கு வரும்.

இரண்டாம் தடவை போடுவது வீண். இவ்வளவு பொடித்தூளில் முதல் மூன்று நிமிடத்திலேயே எல்லாம் இறங்கிவிடும், மிச்சம் இருப்பது வெந்நீர் நிறம்தான். இரண்டு பேருக்கு ஒரு பை வேண்டுமானால் ஒரே தடவையில் போட்டு இரண்டாக ஊற்றிக்கொள்ளலாம், லைட்டாகக் குடிப்பவர்களாக இருந்தால்.

எலுமிச்சை சேர்ப்பதாக இருந்தால் பையை எடுத்தபிறகு பிழியுங்கள். சாப்பாட்டோடு சேர்த்து மட்டும் டீ குடிக்காதீர்கள். கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் டீ தடுக்கும், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

டப்பா திறந்தே கிடக்கிறதா? அப்படியென்றால் பைகளை எடுத்து இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் போட்டு வையுங்கள். சாம்பார்ப் பொடி, ஊதுபத்தி, சோப்பு எதுவும் பக்கத்தில் வேண்டாம். ஒற்றை அறை என்கிறீர்கள், இடம் கஷ்டம்தான், ஜன்னல் ஓரத்தை விட்டுவிட்டு வேறெங்கே ஆனாலும் சரி. கெட்டிலை மாதம் ஒருமுறை எலுமிச்சை போட்டுக் கழுவுங்கள், கேன் தண்ணீரானால் அது கூடத் தேவைப்படாது.